நெக் கோணினால் கிட்டார் வீணா?

பங்குனி பிறந்துவிட்டால் ஸ்ரீராம்புரத்து பேஸ் கிட்டார்காரர்களிடம் ஒரே புலம்பல்தான். மாசி வரை சொன்னபடி கேட்ட கருவி திடீரென்று முரண்டு பிடிக்கும். தடித்த ஈ கம்பி ஃப்ரெட்டில் உரசி ‘ஜர்ர்’ என்று இரையும். இல்லாவிட்டால் கம்பிகள் மேலே ஏறிப்போய், நாலு பாட்டு முடிவதற்குள் இடது கை விரல் கடுத்துவிடும். “நெக் பெண்ட் ஆயிடுச்சுண்ணே, இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்று யாராவது ஒரு தம்பி தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதோடு அந்தக் கருவி உறைக்குள் போய்ப் பரணில் ஏறும். அதன் இடத்துக்குப் புதிய பேஸ் ஒன்று தவணையில் வரும்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. நெக் வளைவது பேஸ் கிட்டாருக்கு வரும் மிகச் சாதாரணமான கோளாறு. வளைந்தவற்றில் பெரும்பகுதியை நிமிர்த்திவிடலாம். ஆனால் எந்தக் கோணல், எதனால் வந்தது, எந்தப் பருவத்தில் வந்தது என்று பார்க்காமல் திருகியைக் கையில் எடுக்கக் கூடாது. கம்பியின் இழுவையால் கெட்ட நெக்குகளைவிட, அவசரக் கையால் கெட்ட நெக்குகள் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் பேட்டையில் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் ஓகளிபுரத்துக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும் ஸ்ரீராம்புரம், பெங்களூரின் பழைய தமிழ்க் குடியிருப்புகளில் ஒன்று. பின்னி மில், மினர்வா மில் என்று நூற்பாலைகளை நம்பி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். மில்கள் போய்விட்டன, மெட்ரோ ரயில் வந்துவிட்டது, அம்மன் திருவிழாவுக்கு மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. தமிழ்த் தேவாலயங்களிலும் ஞாயிற்றுக்கிழமைப் பாடல்களுக்கு பேஸ் கிட்டார் வேண்டும். எழுபதுகளின் கடைசியிலிருந்து இளையராஜா பேஸ் கிட்டாரை வெறும் தாளத் துணையாக விடாமல், பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஓடவிட்டார். சசிதரன் அதை வாசித்துக் காட்டினார். பிறகு ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். இவர்களைக் கேட்டு வளர்ந்த காது, பேஸ் இல்லாத மேடையை ஏற்காது.

அந்தக் காதுகளுக்கு எண்பதுகளில் கிடைத்த கருவிகள் கொஞ்சம்தான். 1991-க்கு முன் இறக்குமதிக் கெடுபிடி கடுமை. ஹோப்னர், கிவ்சன் என்று கொல்கத்தாவில் செய்த கிட்டார்கள் ஒரு பக்கம். வெளிநாட்டிலிருந்து யாரோ கையில் கொண்டுவந்து இரண்டு மூன்று கை மாறிய ஜப்பான் பேஸ் இன்னொரு பக்கம். அவற்றுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. உள்ளே உலர்ந்து இறுகிய மரம், கை பட்டுப் பட்டு வழவழத்த நெக். புதிய மலிவுக் கருவி எதிலும் இல்லாத கனம் இவற்றின் ஒலியில் இருக்கிறது. இவற்றைப் பரணில் போடுவது நஷ்டம்.

நெக் ஏன் வளைகிறது? நாலு கம்பியும் சுருதியில் நிற்கும்போது நெக்கை இழுக்கும் விசை, கம்பியின் தடிமனைப் பொறுத்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ. ஓர் ஆளின் எடை இரவும் பகலும் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சாதாரண கிட்டாரைவிட நீளமான நெக்கில். வழக்கமான பேஸில் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே கம்பி நீளம் 34 அங்குலம். மின்சார கிட்டார்களில் இது 25 அங்குலத்தை ஒட்டியே இருக்கும்.

இந்த இழுவைக்கு எதிராக நெக்கின் உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதுதான் ட்ரஸ் ராடு. திருகி இறுக்கக்கூடிய ராடுக்கு கிப்சன் கம்பெனியில் வேலை செய்த தாடியஸ் மெக்யூ 1923-ல் காப்புரிமை பெற்றார். லியோ ஃபெண்டர் முதலில் இதை நம்பவில்லை. கெட்டியான மேப்பிள் மரத்துக்கு ராடு எதற்கு என்பது அவர் கட்சி. 1950-ல் வந்த அவருடைய முதல் எஸ்கொயர் கிட்டார்களில் ராடு கிடையாது. நெக்குகள் வளைந்த பிறகே மனம் மாறினார். 1951-ல் அவர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அதில் ராடு இருந்தது. பழைய ஃபெண்டர் நெக்கின் பின்பக்கம் நடுவில் ஓடும் கறுத்த வால்நட் மரப்பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். ராடை உள்ளே இறக்கிய பள்ளத்தை மூடிய அடைப்பு அது.

நெக்கின் முன்முகத்தில் ஒட்டியிருக்கும் கரும்பழுப்புப் பலகை ரோஸ்வுட். அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து பிரேசில் மரத்தின் இடத்தை நம் ஊர் ஈட்டி மரம் பிடித்துக்கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்த மரம் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போய், கிட்டாராகி, மறுபடி நம் மேடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 2017 தொடக்கத்தில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2019 நவம்பரில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பழைய நெக்கில் இருக்கும் ஈட்டிப் பலகையை மதிக்க இது ஒன்றே போதும்.

இந்தப் பலகைக்கு வார்னிஷ் பூச்சு கிடையாது. பின்பக்க மேப்பிளுக்கு உண்டு. அதனால் காற்றின் ஈரம் முன்பக்கம் சுலபமாக ஏறி இறங்கும்; பின்பக்கம் மெதுவாக. இங்கேதான் பெங்களூர் நுழைகிறது.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த ஊரில் மார்ச், ஏப்ரல் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை காலை நேரங்களில் 80-ஐத் தாண்டி நிற்கும். 30 சதவீதக் காற்றில் நெடுநாள் கிடக்கும் மரம் தன் எடையில் 6 சதவீத அளவுக்குத் தண்ணீர் வைத்திருக்கும். 80 சதவீதக் காற்றில் அது 16 சதவீதத்தை நெருங்கும். சென்னையில் காற்று பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். இங்கே ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும். மரவியலில் நன்றாக நிறுவப்பட்ட செய்தி ஒன்று உண்டு: பாரம் தாங்கிக்கொண்டிருக்கும் மரம், ஒரே ஈரத்தில் இருந்தால் கொஞ்சமாகத்தான் தொய்யும்; நனைந்து உலர்ந்து, நனைந்து உலர்ந்து இருந்தால் பல மடங்கு அதிகமாகத் தொய்யும். ஆகவே 80 கிலோவையோ வெயிலையோ தனியாகக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. இழுவையோடு சேர்ந்து வரும் இந்த ஏற்ற இறக்கம்தான், வருஷத்துக்கு வருஷம் நெக்கை ஒரு மயிரிழை முன்னே தள்ளிக்கொண்டு போகிறது.

இதை வைத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ஏப்ரலில் கோணிய நெக் ஆகஸ்டில் தானே பாதி திரும்பிவிடலாம். எந்தப் பக்கம் திரும்பும் என்பது மரத்துக்கு மரம், ரேகைக்கு ரேகை மாறும். மாதக்கணக்கில் நிலைத்து நிற்கும் கோணல்தான் நிஜமான கோணல். பருவத்தோடு வந்து போவதற்கு ராடில் கால் சுற்று போதும்.

எழுபதுகளின் ஜப்பான் பேஸ் ஒன்று மேசையில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் வழக்கமான சுருதியில் கம்பிகளை நிறுத்த வேண்டும். தளர்த்திய கம்பியோடு எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போவால் பிடித்து, நெக் உடலோடு சேரும் இடத்தில் விரலால் அழுத்துங்கள். அழுத்திய கம்பி இப்போது ஒரு நேர்கோடு. ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே எவ்வளவு சந்து என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் ஆரோக்கியம். கம்பி அதிர இடம் வேண்டும் என்பதால், நல்ல நெக்கிலும் ஒரு துளி முன்வளைவு இருந்தே ஆகும். சுண்டிவிட்டால் ‘டிக்’ என்று மெல்லச் சத்தம் வரும். சந்தே இல்லை, கம்பி ஃப்ரெட்டின் மேல் படுத்திருக்கிறது என்றால் நெக் விறைத்து நேராக இருக்கிறது, அல்லது பின்னால் வளைந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் முன்வளைவு முற்றிவிட்டது.

இதை அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இருசக்கர வாகன மெக்கானிக் டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜ் போதும். ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். அதே சோதனையை ஜீ கம்பியிலும் செய்யுங்கள். இரண்டு பக்கமும் அளவு ஒத்திருந்தால் நிம்மதி. ஒரு பக்கம் அரை மில்லி, மறுபக்கம் ஒன்றுமில்லை என்றால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. கடைசி நாலைந்து ஃப்ரெட் மட்டும் மேலே எழும்பி நிற்கும் கோணலும் உண்டு. அதற்கு ராடு உதவாது. ராடின் பிடி அங்கே எட்டாது.

சாதாரண முன்வளைவுக்கு ராடுதான் முதல் மருந்து. பழைய ஃபெண்டர் வகைகளில் அதன் திருகு நெக்கின் அடியில், உடலுக்குள் மறைந்திருக்கும். கம்பியைத் தளர்த்தி, பின்னால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, நெக்கை வெளியே எடுத்து, கால் சுற்று திருகி, மறுபடி மாட்டி, சுருதி சேர்த்து, அளந்து பார்க்க வேண்டும். போதவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. அலுப்பான வேலை. அந்த அலுப்பில்தான் “ஒரே தடவையாக ஒரு சுற்று போட்டுவிடலாம்” என்ற ஆசை பிறக்கிறது. ஐம்பது வயது ராடு, துருவேறிய மரை, ஒரு முழுச் சுற்று: உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ராடு முறிந்துவிட்டால் ஃப்ரெட் பலகையையே பெயர்த்து எடுத்தால்தான் உள்ளே போக முடியும்.

திருகு நகரவில்லையென்றால் காரணம் இரண்டில் ஒன்று. துருப்பிடித்திருக்கலாம், ஒரு சொட்டு துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடலாம். அல்லது மரை தீர்ந்துபோயிருக்கலாம். யாரோ இருபது வருஷமாக இறுக்கிக்கொண்டே வந்ததில், ராடின் நட்டு போகவேண்டிய தூரமெல்லாம் போய்விட்டது. அப்போது நட்டை முழுக்கக் கழற்றி, ஒரு சின்ன வாஷரைப் போட்டு மறுபடி மாட்டினால் மரை மீண்டும் கிடைக்கும். “ராடு போயிடுச்சு” என்று கைவிடப்பட்ட எத்தனையோ நெக்குகளுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வாஷர்தான்.

அதிலும் அடங்காத வளைவுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. எல்லா பேஸ்காரர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நெக்கை நிமிர்த்தும் வேலையை ராடிடம் கொடுக்காதீர்கள், கிளாம்ப்பிடம் கொடுங்கள். நிமிர்ந்த நெக்கைப் பிடித்து வைப்பது மட்டும் ராடின் வேலையாக இருக்கட்டும்.

கழற்றிய நெக்கின் முன்முகத்தின் மேல் ஓர் அலுமினிய பாக்ஸ் பைப்பை நீளவாக்கில் வைக்க வேண்டும். பைப்புக்கும் நெக்குக்கும் நடுவே, முதல் ஃப்ரெட் பக்கம் ஒன்று, கடைசி ஃப்ரெட் பக்கம் ஒன்று என இரண்டு மரத்துண்டு. ஃப்ரெட் நசுங்காமலிருக்க அவற்றின் அடியில் தோல். நடுவில், ஏழு எட்டாம் ஃப்ரெட் அருகே, ஒரு சி கிளாம்ப். நெக்கின் பின்வளைவுக்கு ஏற்ற மெத்தென்ற கட்டையும் அங்கே வேண்டும்; வெறும் இரும்பை வைத்தால் மரத்தில் தழும்பு விழும். இப்போது கிளாம்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க, நெக்கின் நடுப்பகுதி பைப்பை நோக்கி எழும். நேராக வந்ததும் நிறுத்தாமல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மறுபக்கம் வளைய விட வேண்டும். விட்டால் கொஞ்சம் திரும்பிவிடும் என்பதற்கான முன்கூலி அது. இந்த நிலையில் ராடின் நட்டைத் திருகிப் பாருங்கள். சற்று முன் அசைய மறுத்தது இப்போது விரல் பலத்தில் சுற்றும். அதன் மேல் பாரமே இல்லை. கையிறுக்கம் வந்ததும் நிறுத்தி, ஒரு நாள் அப்படியே விட்டு, பிறகு கிளாம்ப்பை மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

பெரும்பாலான நெக்குகள் இதிலேயே சரியாகிவிடும். வராதவற்றுக்கும், ராடே இல்லாத நெக்குகளுக்கும், அடுத்த படி சூடு. அதே கிளாம்ப் அமைப்பு. கூடவே ஃப்ரெட் பலகையின் மேல் ஹீட் லாம்ப்போ சூடேற்றும் பட்டையோ. 60, 70 டிகிரி செல்சியஸில் மரமும் பசையும் இளகத் தொடங்கும். பலகையும் நெக்கும் ஒன்றன் மேல் ஒன்று இம்மியளவு நழுவி, ஆறும்போது புதிய நிலையில் இறுகும். அதற்கு மேலே போனால் பலகை பெயரும், வார்னிஷ் கொப்புளிக்கும், பிளாஸ்டிக் புள்ளிகள் சுருங்கும். தொழிற்சாலை வகை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். மொட்டைமாடி வெயிலில் நெக்கைக் கிடத்திக் கல் ஏற்றி வைப்பது, அடுப்பனலில் காட்டுவது இரண்டும் கொலை. எவ்வளவு சூடு, எங்கே அழுத்தம் என்று எதுவும் தெரியாமல் செய்யும் வேலை அது. சூட்டில் நிமிர்ந்த நெக் சில மாதத்தில் கொஞ்சம் திரும்பி வருவதும் உண்டு. இரண்டாம் முறை செய்யலாம். தோல்வி என்று நினைக்கத் தேவையில்லை.

இங்கே வீணையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தஞ்சாவூர் வீணையின் தண்டி பலா மரம். அதுவும் காலப்போக்கில் நெளியும். ஆனால் அதன் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மரம் நெளிந்தால், மெழுகை இளக்கி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு இடம் பார்த்து, உயரம் பார்த்து மறுபடி வைத்துவிடுவார்கள். மேளம் கட்டுவது என்று அந்த வேலைக்குப் பெயர். மரம் மாறும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்த கருவி அது. பேஸ் கிட்டாரில் ஃப்ரெட்டுகள் பலகைக்குள் அடித்து இறக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் மரத்தையே ஃப்ரெட்டுக்கு ஏற்ப நிமிர்த்த வேண்டியிருக்கிறது.

அது முடியாதபோது கடைசி வழி, மேளம் கட்டுவதற்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. சால்டரிங் அயர்னால் ஃப்ரெட்டுகளைச் சூடாக்கிப் பிடுங்கி, பலகையை உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கி, புதிய ஃப்ரெட் போடுவது. கோணலை மரத்திலிருந்து எடுக்காமல் பலகையின் மேல்முகத்திலிருந்து சீவிவிடுகிறோம். ஃப்ரெட்டின் அடிப்பட்டையைச் சற்றுத் தடித்ததாகப் போட்டால் அது ஆப்பு போல இறங்கி நெக்கைப் பின்னால் தள்ளும். மார்ட்டின் கம்பெனி திருகக்கூடிய ராடை 1985-ல்தான் எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய மார்ட்டின் கிட்டார்களை ரிப்பேர்காரர்கள் இந்த உத்தியால்தான் காப்பாற்றி வந்தார்கள். ஆனால் தேய்க்கப் பலகையில் கனம் வேண்டும். 1962 நடுப்பகுதி வரை ஃபெண்டர் தடித்த ரோஸ்வுட் பலகை போட்டது. அதன் பிறகு மெல்லிய வளைந்த தகடு. அந்த மெல்லிய பலகையில் தாராளமாகக் கை வைத்தால் அடியில் மேப்பிள் எட்டிப் பார்க்கும். இந்த வேலையைத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஆரோவில்லில் கிட்டார் செய்யும் எரிசா நியோகி போன்ற கைவினைஞர்கள் தென்னாட்டிலேயே இருக்கிறார்கள். வேலையைக் கொடுக்குமுன் “எவ்வளவு மரம் போகும்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசிப்பவரே நல்லவர்.

முறுக்குதான் பொல்லாதது. லேசான முறுக்கை ஃப்ரெட் மட்டம் செய்து மறைக்கலாம். கண்ணுக்கே தெரியும் அளவுக்கு முறுக்கியிருந்தால், சூடு வைத்து எதிர்ப்பக்கம் முறுக்கிப் பார்க்கலாமே தவிர நிலைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஸ்க்ரூ போட்ட நெக் என்றால் வேறு நெக் மாட்டிவிட்டு வாசிப்பது உத்தமம்.

எல்லா வளைவையும் துரத்தவும் வேண்டாம். மோட்டவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 பிரிசிஷன் பேஸில் தடித்த ஃப்ளாட்வுண்ட் கம்பி போட்டு, அறுந்தால் ஒழிய அதை மாற்றாமல் வாசித்தவர். மற்றவர்கள் திணறும் அளவுக்கு அதில் கம்பி உயரம் என்று சொல்வார்கள். அவர் கைக்கு அது சரியாக இருந்தது. உங்கள் கைக்கு நோவு இல்லை, சுருதி பிசகவில்லை, இரைச்சல் இல்லை என்றால் 0.3 மில்லிமீட்டர் வேதவாக்கு இல்லை.

நிமிர்த்திய பிறகு முதல் வேலை கம்பியை மாற்றுவது. பழைய நெக்குக்கு 105 வரை போகும் தடித்த செட் வேண்டாம். 40-லிருந்து 95 வரை உள்ள மெல்லிய செட் இழுவையைக் கணிசமாகக் குறைக்கும். கருவியை ஜன்னலோரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். நம் வீடுகளில் அந்தச் சுவர்தான் வீட்டிலேயே அதிகம் காய்ந்து நனையும் இடம். கெட்டியான பெட்டிக்குள் வைத்தால் ஏற்ற இறக்கம் தணியும். கோடையில் சோப்புப் பெட்டியில் துளை போட்டு ஈரமான ஸ்பாஞ்ச் வைக்கலாம். நீர் சொட்டாமல் பிழிந்து. வாசிக்காத நாட்களில் கம்பியை முழுக்கத் தளர்த்த வேண்டாம். ராடு இறுகியபடியே இருக்கும், எதிர்க்க இழுவை இல்லாமல் நெக் பின்னால் போய்விடும். நீண்ட நாள் வைப்பதென்றால் ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும்.

பெட்டிக்குள் ஒரு சீட்டு போட்டு வையுங்கள். தேதி, ஈ பக்கச் சந்து, ஜீ பக்கச் சந்து, ராடில் எத்தனை கால் சுற்று. சித்திரையில் ஒன்று, ஆவணியில் ஒன்று, மார்கழியில் ஒன்று. இரண்டு வருஷத்தில் அந்த நெக் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் போகும் என்று சீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடுத்த பங்குனியில் கம்பி இரைந்தால், திருகியைத் தேடுவதற்கு முன் அதை எடுத்துப் பாருங்கள்.